1:18 ஃபோர்டு ஜிடி40, கல்ஃப் நிறம்: கதவில் 6 என்றால் எந்த வருடத்துக் கார்?

கேள்வி: வெளிர்நீலம்

வணக்கம். ஃபோர்டு ஜிடி40 மாடல் ஒன்று பழைய சேகரிப்பிலிருந்து விலைக்கு வந்திருக்கிறது. 1:18 அளவு, டை-காஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்தது), வெளிர் நீல உடம்பில் நடுவே ஆரஞ்சுப் பட்டை, கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் பந்தய நிறமாம். கதவும் பின்மூடியும் திறக்கும். "1968 லெ மானில் ஜெயித்த கார்" என்று, பிரான்சின் 24 மணி நேரப் பந்தயத்தைச் சொல்லி, விற்பவர் எழுதியிருக்கிறார். ஆனால் கதவில் இருக்கும் எண் 6. கூட வந்த அட்டை தொலைந்துவிட்டதாம், அதனால் ஓட்டுநர்கள் பெயரும் தெரியவில்லை.

இதே காருக்கு ரெசின் (பிசின் வார்ப்பு) மாடலும் கிடைக்கிறது. அதில் எதுவும் திறக்காது. ஆனால் படத்தில் பார்த்தால் அதுதான் கண்ணைப் பறிக்கிறது. எதை வாங்குவது? வாங்கிய பிறகு பல வருடம் கெடாமல் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்? இதுதான் நான் வாங்கப்போகும் முதல் பந்தய கார், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: மூன்றாம் கியர்

1968இல் ஜெயித்த காரின் எண் 9. ஓட்டியவர்கள் பெத்ரோ ரோட்ரிகெஸ், லூசியன் பியாங்கி. 6 என்றால் அது 1969, ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும். விற்பவரைச் சந்தேகப்பட வேண்டாம், பலரும் குழம்புகிற இடம் இது. இரண்டு வருடமும் ஜெயித்தது ஒரே கார்தான், சேசி எண் (ஒவ்வொரு காரின் உடற்கூட்டுக்கும் உள்ள தனி எண்) 1075.

பதில்: பின்மூடி

நான் சேர்ப்பது ஜிடி40 மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் இந்த 1075. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பந்தய கார் மாடலை "ஜிடி40 மாடல்" என்று வாங்காதீர்கள். எந்தச் சேசி, எந்தப் பந்தயம், எந்த எண் என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள். சாலையில் ஓடும் காருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. பந்தய கார் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கொஞ்சம் மாறும். எண் மாறும், விளக்கு மாறும், ஸ்டிக்கர் இடம் மாறும். நல்ல மாடல் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் அந்தக் கார் எப்படி நின்றதோ அதுதான். 1075 அந்த 1969ஆம் வருடமே செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தையும் ஜெயித்தது, அதே இக்ஸும் ஆலிவரும் ஓட்டி. ஆக ஒரே காருக்கு எத்தனை மாடல் வரும் என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு வந்திருக்கும் 6ஆம் எண் இரண்டிலும் மேலானது. 1968இல் பிரான்சில் மே மாதக் கிளர்ச்சியால் பந்தயம் ஜூனிலிருந்து செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. 1075 ஐந்து சுற்று முன்னிலையில் நிதானமாக ஜெயித்தது. 1969 வேறு கதை. போர்ஷே புத்தம் புதிய 917ஐ இறக்கியிருந்தது. ஜான் வையர் அணியின் ஜிடி40 அதற்குள் பழைய கார் ஆகிவிட்டது, அது ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு.

அப்போதெல்லாம் லெ மானில் ஓட்டுநர்கள் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, கொடி அசைந்ததும் ஓடிப்போய் ஏறி வண்டியைக் கிளப்புவார்கள். ஓடுகிற அவசரத்தில் பெல்ட் போடாமலே பலர் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு இக்ஸ் ஓடவில்லை. மெல்ல நடந்து போனார், ஏறினார், பெல்ட்டை ஒழுங்காகப் போட்டார், எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பினார். 24 வயது அப்போது. அந்த முதல் சுற்றிலேயே ஜான் வூல்ஃப் என்ற ஓட்டுநர் தன் 917இல் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். அடுத்த வருடம் அந்த ஓட்டத் தொடக்கம் கைவிடப்பட்டது, எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே கிளம்பினார்கள்.

கடைசியாகக் கிளம்பிய அந்தக் கார்தான் முதலில் வந்தது. கடைசி மணி நேரத்தில் ஹான்ஸ் ஹெர்மானின் போர்ஷே 908உம் இக்ஸும் மாறி மாறி முந்தினார்கள். முடிவில் இடைவெளி சுமார் 120 மீட்டர். 24 மணி நேரம், கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு அவ்வளவுதான். 1:18 கணக்கில் பார்த்தால் அந்த 120 மீட்டர் ஏழு மீட்டருக்கும் குறைவு. உங்கள் 6ஆம் எண்ணை அறையின் ஒரு முனையில் வைத்து 908ஐ மறுமுனையில் வைத்தால் முடிவுக்கோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

சரி, வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது. ஜிடி40 என்ற பெயரே காரின் உயரத்திலிருந்து வந்தது, ஏறக்குறைய 40 அங்குலம். 18ஆல் வகுத்தால் ஐந்தரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். விற்பவரிடம் ஸ்கேல் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் கேளுங்கள். ஆறு சென்டிமீட்டரைத் தொட்டால் கார் சக்கரத்தின் மேல் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம், இந்தக் காருக்கு அது பெரிய குறை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 13.4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், நிஜக் காரில் அது 95 அங்குலம்.

அடுத்து, மூடிகளின் விளிம்பு. மாடலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்பது நிஜக் காரில் 18 மில்லிமீட்டர். விரல் நுழைகிற இடைவெளி! கதவு கூரைக்குள் வெட்டிப் போகும் இடத்தை முதலில் பாருங்கள். ஜிடி40 கதவின் மேல்பகுதி கூரையோடு சேர்ந்து திறக்கும், டை-காஸ்ட் செய்பவர்களுக்கு அங்கேதான் கை நடுங்கும். அந்தக் கோடு நேராக, சீராக இருந்தால் மற்றதும் நன்றாகவே இருக்கும்.

உள்ளே பார்த்தால் ஸ்டீயரிங் வலப்பக்கம். கியர் நடுவில் இல்லை, அதுவும் வலக்கைப் பக்கம் கதவோரத்தில். நடுவில் கியர் வைத்திருந்தால் செய்தவர் காரைப் பார்க்காமலே செய்திருக்கிறார். பின்மூடியைத் திறந்தால் வி8 எஞ்சின், அதன் மேல் நாலு வெபர் கார்புரேட்டர், அப்புறம் இரண்டு பக்கத்துப் புகைக்குழாய்களும் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டு நடுவில் வந்து சேரும். பாம்புப் பின்னல் மாதிரி இருக்கும் அந்தக் குழாய்க் கூட்டம்தான் நான் டை-காஸ்ட் பக்கம் நிற்பதற்குக் காரணம். ரெசினில் அது மூடியின் அடியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

பதில்: மூன்றாம் கியர்

இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. திறக்கும் மூடிக்காக டை-காஸ்ட் உடம்பு தடிமனாகிவிடுகிறது, சக்கர வளைவின் விளிம்பைப் பார்த்தாலே தெரியும். ரெசினில் விளிம்பு மெல்லிசு, மூக்கின் வளைவு சுத்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தூரத்திலிருந்து பார்ப்பதாக இருந்தால் ரெசின். அடிக்கடி கையில் எடுத்துத் திறந்து பார்க்க ஆசை இருந்தால் டை-காஸ்ட். ரெசினைக் கையில் எடுக்கும்போது மட்டும் கவனம், கீழே விழுந்தால் உடைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்: வெளிர்நீலம்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நடந்து போய் ஏறிய கதை எனக்குத் தெரியாது. 6ஆம் எண்ணையே எடுக்கிறேன், டை-காஸ்ட்டே இருக்கட்டும். விற்பவர் இன்னும் சில படங்கள் அனுப்பினார். கூரை ஓரத்தில் பெயின்ட் லேசாகப் பொரி பொரியாக இருக்கிறது. நீல நிறமும் எனக்குச் சரியாகப் படவில்லை, கல்ஃப் நிறுவனத்தின் நீலம் இன்னும் அடர்த்தி இல்லையா?

பதில்: பின்மூடி

நீலம் வெளிறித்தான் இருக்க வேண்டும், பயப்படாதீர்கள். கல்ஃப் நிறுவனத்தின் சொந்த நிறம் அடர் நீலமும் ஆரஞ்சும். அவர்கள் வில்ஷயர் என்ற எண்ணெய் நிறுவனத்தை வாங்கியபோது அதன் வெளிர் நீலம் கூடவே வந்தது. கல்ஃபின் பெரிய அதிகாரி கிரேடி டேவிஸுக்கு அந்த நிறம் பிடித்துப்போக, 1967இலிருந்து வையரின் கார்களுக்கு அதையே பூசினார்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மட்டும் பாருங்கள், மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் ஆரஞ்சு சிவப்பாகத் தெரியும்.

பொரிதான் கவலை. அது இரண்டு விதம். பல வருடம் பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாளோ பஞ்சோ பெயின்ட்டில் ஒட்டியபடி இருந்து ஈரம் தேங்கினால் மேலே சின்னச் சின்னக் கொப்புளம் வரும். அது தோலோடு போகிற நோய், விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். இன்னொன்று உலோகத்துக்குள்ளேயே வருவது. டை-காஸ்ட் என்பது துத்தநாகக் கலவை. அதில் ஈயம் மாதிரி கலப்படம் சேர்ந்திருந்தால் உலோகம் உள்ளிருந்து வீங்கி வெடிக்கும், விளிம்பு உதிரும், கதவு தன் இடத்தில் உட்காராது. அதற்கு மருந்தே கிடையாது. எனவே கதவை மூடிய நிலையில் நெருக்கமாக ஒரு படம், அடிப்பக்கத்தை ஒரு படம், இரண்டும் கேளுங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், வேறு 6 கிடைக்கும்.

பதில்: தூசி தட்டுபவர்

பராமரிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வந்ததும் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிடுங்கள், அதைச் சுற்றியபடி திரும்ப மூட வேண்டாம். நேர் வெயில் படும் இடம் கூடாது, ஆரஞ்சு வெளுத்துவிடும். டயர் மென்மையான பிளாஸ்டிக் என்றால் அதிலிருந்து எண்ணெய் மாதிரி ஒன்று கசிந்து அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைத் தின்றுவிடும், டயரும் ஒட்டிக்கொள்ளும். காரை அடிச்சட்டத்தில் திருகு போட்டு, டயர் தட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வையுங்கள். திருகை இறுக்கிவிடாதீர்கள், அச்சு வளையும். தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும். எண் அச்சிட்ட வெள்ளை வட்டத்தின் மேல் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் வேண்டாம், 6 கரைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்: வெளிர்நீலம்

அடிப்பக்கப் படம் வந்துவிட்டது. வெடிப்பு எதுவும் இல்லை, கதவு விளிம்பு நேராக இருக்கிறது, உயரம் ஸ்கேலில் 57 மில்லிமீட்டர் காட்டுகிறது. பொரி கூரையில் மட்டும்தான். அதைச் சொல்லி விலை பேசிக்கொண்டிருக்கிறேன். கையோடு போர்ஷே 908, எண் 64, அதே 1969 லெ மான் கார், 1:18இல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.