வீட்டிலிருந்து மெயின்பிரேம் பழக லைசென்ஸ் எடுக்கலாமா?

கோண்டாவில் பெடியன்:
டொரொன்டோவில் ஒரு வங்கியில் வேலை செய்யும் மாமா, மெயின்பிரேம் என்ற பெரிய வங்கிக் கணினிகளில் ஓடும் கோபோல் மொழி தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள், நீ பழகு என்று போன கிழமை போனில் சொன்னார். சரி என்று தொடங்கினால் முதல் நாளே சுவர். லினக்ஸ் பழக எனக்கு ஒரு பழைய லப்டொப்பும் பென்டிரைவும் போதும். ஆனால் மெயின்பிரேமின் ஓஎஸ்ஸான இசட் ஓஎஸ் என்றால் ஐபிஎம் மெஷின், ஒப்பந்தம், மாதக் கட்டணம் என்றே போகிறது, தனியாள் வீட்டில் வைத்துப் பழகுவதற்கென்று ஒன்றும் கண்ணில் படவில்லை. லப்டொப்பை மெயின்பிரேம் போல நடக்க வைக்கும் ஹெர்குலிஸ் எமுலேட்டர் இலவசம், உள்ளே போட ஓஎஸ் வேண்டுமே? ஒருவர் களவுக் கொப்பி லிங்க் அனுப்பியிருக்கிறார். எடுக்கலாமா?

வேலணை அக்கா:
தம்பி, அதைத் தொடாதேயும். நான் ஆட்களை நேர்முகத்துக்கு எடுக்கும்போது எங்கே பழகினீர் என்றுதான் முதலில் கேட்பேன். கெட்டிக்காரப் பெடியன் ஒருவன், களவுக் கொப்பியில் பழகியதை மறைக்காமல் சொன்னான். வங்கி வேலை, மேலே இருந்தவர்கள் சம்மதிக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை, ஏனென்றால் நேர்மையான வழி இருப்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் மென்பொருள் மெஷினோடு சேர்ந்தே வந்தது. 1969இல் ஐபிஎம் தனியாக விலை போடத் தொடங்கிய பிறகும், அடிப்படை ஓஎஸ்ஸுக்குக் கனகாலம் தனிக்காசு இல்லை. அதனால்தான் இசட் ஓஎஸ்ஸின் பழைய மூதாதையான எம்விஎஸ் 3.8ஜே இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. டிகே4 மைனஸ், டிகே5 என்ற தொகுப்புகளில் ஹெர்குலிஸும் அதுவும் சேர்ந்தே இருக்கும். இறக்கி, மெயின்பிரேம் திரையைக் காட்டும் 3270 டெர்மினல் ப்ரோகிராம் ஒன்றால் உள்ளே போம்.

நிஜமான இசட் ஓஎஸ் வேண்டுமென்றால் ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பயிற்சித் தளத்தில் பதியும். இலவசம். விஎஸ் கோட் எடிட்டரிலிருந்தே ஜேசிஎல் (மெஷினுக்கு ஜொப் கொடுக்கும் மொழி), கோபோல், ரெக்ஸ் ஸ்கிரிப்ட் எல்லாம் ஓட்டலாம்.

நல்லூரடி:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 3.8ஜே 24 பிட், ஒரு ப்ரோகிராமுக்கு 16 எம்பிக்கு மேல் முகவரி இல்லை, அதிலுள்ள கோபோலில் இஃப்பை முடிக்கும் எண்ட்-இஃப் கூடக் கிடையாது, டிபி2 டேட்டாபேஸும் இல்லை. எக்ஸ்ப்ளோரில் நீங்கள் ஒரு யூசர் மட்டும்தான். மெஷினை ஐபிஎல் செய்வது, அதாவது துவக்குவது, ராக்ஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளில் அனுமதிகளை அமைப்பது, அதாவது உடைத்து உடைத்துப் பழக வேண்டிய வேலை எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். ஆட்கள் இல்லை என்று கவலைப்படும் தொழிலில், பழக வருகிறவனுக்குக் குறைந்த விலையில் தனியாள் லைசென்ஸ் எளிதாகக் கிடைக்கத்தான் வேண்டும். இதை நான் எங்கும் சொல்வேன்.

கோண்டாவில் பெடியன்:
அக்கா, அண்ணா, நன்றி. லிங்கை அழித்துவிட்டேன். நேற்று இரவு டிகே4 மைனஸில் முதல் ஜொப் போட்டேன், ஜேசிஎல் பிழை. ஒரு மணித்தியாலம் தேடினேன். கொமாவுக்குப் பிறகு இடைவெளி ஒன்று விட்டிருக்கிறேன், அதற்குப் பின்னால் எழுதியதை எல்லாம் அது குறிப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரியைப் பார்த்து நின்றிருக்கிறது. எடுத்துவிட்டுத் திரும்பப் போட, கொண்டிஷன் கோட் 0000, பிழையில்லாமல் முடிந்தது. இன்றைக்கு எக்ஸ்ப்ளோரிலும் பதிகிறேன்.