பழைய ஸ்னோமொபைல்: பின்பக்கம் தூக்கிப்போடுகிறது, ஹேண்டில் கனக்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டன் பகுதியில் ஓட்டுவதற்காக, 2011 ஆம் ஆண்டில் தயாரான 600 சிசி ஸ்னோமொபைல் (முன்னே ஸ்கீ என்ற இரு சறுக்குப் பலகைகளும், பின்னே ட்ராக் என்ற சுழலும் பட்டையும் கொண்ட பனி வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறேன். என்ஜினில் குறை எதுவும் இல்லை. ஆனால் மேடுபள்ளங்களில் பின்பக்கம் முதுகு வலிக்கும் அளவுக்குத் தூக்கிப்போடுகிறது. ஹேண்டில்பாரைத் திருப்ப மிகுந்த பலம் தேவைப்படுகிறது. இறுகிய பனியில், முன்னே சென்ற வண்டிகள் கீறிவிட்டுப் போன கோடுகளுக்குள் ஸ்கீ தானாகவே இழுத்துக்கொண்டு போகிறது. சிறிது நேரத்திலேயே வலது மணிக்கட்டு மரத்துவிடுகிறது. குளிருடை, தலைக்கவசம் எல்லாம் சேர்த்து என் எடை 68 கிலோ. விற்றவர் என்னைவிட நல்ல கனமானவர். பின்னால் பொதியும் எரிபொருளும் ஏற்றிச் செல்வது வழக்கமாம். பின் சஸ்பென்ஷனின் முன்பகுதி கீழே விரிவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் பட்டையைச் சுருக்கினால் வண்டி சொன்னபடி திரும்பும் என்று ஒருவர் கூறினார். செய்யலாமா?

மறுமொழி 1

வணக்கம். லிமிட்டர் பட்டையை இப்போது தொடாதீர்கள். அதைச் சுருக்கினால் ட்ராக்கின் முன்பகுதி மேலே இழுக்கப்பட்டு, எடை ஸ்கீயின் மீது கூடுதலாக இறங்கும். வளைவில் ஸ்கீ பிடிக்காமல் வழுக்கும் வண்டிக்கு அது மருந்து. ஏற்கெனவே ஹேண்டில் கனக்கும் வண்டிக்கு அதுவே நோயை வளர்க்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால், பின் ஸ்பிரிங் இன்னும் பழைய உரிமையாளரின் எடைக்கே இறுக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. பின்பக்கம் உயர்ந்து நிற்பதால் முன்பக்கத்தில் பாரம் விழுகிறது. ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். என்ஜினை நிறுத்திவிட்டு, பின் பம்பரைப் பிடித்துத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுவதும் விரிந்த நிலையில் தரையிலிருந்து பம்பர் வரையுள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு உடையுடன் வழக்கம்போல் இருக்கையில் அமர்ந்து, இரண்டு மூன்று முறை எம்பி அமர்ந்து, அதே இடத்தை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைல் பிராண்டின் கையேடுகளில் இந்த வித்தியாசம் 50 முதல் 75 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும் என்று காண்பீர்கள். 50க்குக் குறைந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மிக இறுக்கம். 75ஐத் தாண்டினால் தளர்வு. திருத்தும்போது, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் படிப்படியாக மாற்றும் இடதுபக்க, வலதுபக்கக் கேம்கள் இரண்டும் ஒரே படியில் இருக்கவேண்டும்.

ஆனால் பழைய வண்டியில் இதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. அதைப் பலர் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். சஸ்பென்ஷன் கைகளின் அச்சுகளில் கிரீஸ் வற்றித் துரு பிடித்திருந்தால், ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்தினாலும் வண்டி இறுகியபடியே ஓடும். கடுங்குளிருக்கு ஏற்ற கிரீஸை எல்லா நிப்பிள்களிலும் (கிரீஸ் ஏற்றும் முனைகள்), பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். ஷாக் தண்டில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால், அதைப் புதுப்பிக்காமல் செய்யும் திருத்தம் எதுவும் நிலைக்காது.

அதன்பின் எல்லாவற்றையும் கையேட்டில் உள்ள தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தெரிந்த ஒரே பாதைத் துண்டில் ஓட்டிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று பிரித்தறிய முடியாது.

மறுமொழி 2

கோட்டுக்குள் ஸ்கீ இழுபடுவதற்கு எடை மட்டும் காரணமாக இராது. ஸ்கீயின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஹேண்டிலின் திருப்பத்தை ஸ்கீக்குக் கடத்தும் டை ராடு கம்பியின் முனைகளிலோ, ஸ்கீ போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ்ஷிலோ ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றவேண்டும். ஆட்டத்துடன் எடுக்கும் அளவுக்குப் பொருளில்லை. பிறகு ஹேண்டிலை நேராக வைத்து, ஸ்கீ போல்ட்டுக்கு முன்னும் பின்னும் சம தூரத்தில் இரண்டு ஸ்கீகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். பொதுவாக முன்பக்கம் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை அகன்றிருக்கும். உங்கள் மாடலுக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். ஸ்கீயின் அடியில் பனியைப் பற்றும் கார்பைடு (கடின உலோக) கம்பி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் இழுத்தால், ஒரு ஸ்கீக்கு இரண்டு கார்பைடு விளிம்புகள் கொண்ட ரன்னரை (ஸ்கீயின் அடிக்கம்பி)ப் பொருத்துவது நல்ல தீர்வு.

மறுமொழி 3

மணிக்கட்டைப் பற்றி ஒரு சொல். அமர்ந்த நிலையில் விரல்களை நீட்டினால் பிரேக் லீவர் முன்கையின் நேர்க்கோட்டில் இருக்கவேண்டும். அதற்கேற்ப முதலில் ஹேண்டில்பாரைச் சுழற்றிப் பாருங்கள்; செலவில்லாத திருத்தம் அது. ரைசர் போட்டு உயர்த்துவதானால், இருபுறமும் கடைசிவரை திருப்பும்போது த்ராட்டில் கேபிளும் பிரேக் குழாயும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே வேண்டாம். இருக்கையின் நுரை அமுங்கிப்போயிருந்தால், முழங்கால் மடங்கி, உடல் பாரம் கைகளில் இறங்கும். அதையும் அழுத்திப் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பம்பர் வித்தியாசம் 20 மில்லிமீட்டர்தான் இருந்தது. கேம்கள் மிக இறுகிய படியில் இருந்தன. கிரீஸ் அடித்து, கேம்களை மிகத் தளர்ந்த படிக்குக் கொண்டுவந்தபின் 45 வந்திருக்கிறது. குலுக்கல் பெருமளவு அடங்கிவிட்டது, ஹேண்டிலும் இலகுவாகியிருக்கிறது. இடது டை ராடு முனையில் ஆட்டம் தெரிந்தது. புதியது வாங்கி மாற்றியபின்தான் ஸ்கீயை அளப்பேன். மீதி 5 மில்லிமீட்டருக்கு என்ன செய்வது?

மறுமொழி 1

மகிழ்ச்சி. மிகத் தளர்ந்த படியிலும் 45தான் என்றால், உங்கள் எடைக்கு ஏற்ற மென்மையான டார்ஷன் (முறுக்கு) ஸ்பிரிங்கைப் பின்பக்கத்தில் பொருத்துவதே முறையான வழி. வாங்குமுன் இப்போதுள்ள ஸ்பிரிங்கின் பாக எண்ணைக் கொண்டு, அது தொழிற்சாலையில் வந்ததா, கனமான ஓட்டுநருக்காகப் பின்னர் மாற்றியதா என்று கடைக்காரரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவரை 45இலேயே ஓட்டலாம். ஹேண்டில் இன்னும் சற்றுக் கனத்தால், முன் ஸ்கீ ஸ்பிரிங்குகளின் இறுக்கத்தை இருபுறமும் சமமாகச் சிறிது குறையுங்கள். என்றேனும் லிமிட்டர் பட்டையின் நீளத்தை மாற்ற நேர்ந்தால், ட்ராக்கின் இறுக்கமும் கூடவே மாறிவிடும் என்பதால் அதை மறுபடியும் சரிபார்த்த பிறகே ஓட்டவேண்டும்.