முதல் செமஸ்டர் கால்குலஸ்: இன்னும் மனதை விட்டுப் போகாத கணக்கு எது?

வெட்டுக்கோடு:
−1 முதல் 1 வரை 1/x² ஐத் தொகையிட வேண்டும். வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். −1/x என்று எழுது, மேல் எல்லையைப் போடு, கீழ் எல்லையைப் போடு, கழி. விடை −2. பலகையில் அதை எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. அப்போது பக்கத்து வரிசையில் இருந்த பெண் எழுந்து, "இந்த வளைவு முழுக்க x அச்சுக்கு மேலேதானே இருக்கிறது? பரப்பு எப்படி மைனஸில் வரும்?" என்று கேட்டாள்.

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. "அது அடுத்த செமஸ்டர் பாடம்" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்தார் ஆசிரியர். அவளும் உட்கார்ந்துவிட்டாள். அந்த செமஸ்டரில் நான் கேட்டதிலேயே ஆழமான கேள்வி அதுதான், அதற்குப் பதில் கிடைக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

பதில் ஒன்றும் நீளமானது இல்லை. அடிப்படைத் தேற்றத்தை, அதாவது எல்லைகளைப் போட்டுக் கழிக்கும் அந்த வழியைப் பயன்படுத்த, சார்பு அந்த இடைவெளி முழுக்கத் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆனால் 1/x² என்பது x = 0 இல் வெடித்துப் போகிறது. 0.001 முதல் 1 வரை தொகையிட்டால் 999 வரும். 0.0001 முதல் என்றால் 9999. எந்த எண்ணையும் நெருங்காமல் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே −2 தவறு என்பது மட்டுமில்லை, அங்கே விடையாக எந்த எண்ணுமே கிடையாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஏணிப்படி:
எனக்கு ஏணிக் கணக்கு. அதாவது சுவரில் சாய்த்த ஏணி, அடி விலகுகிறது, மேல்முனை என்ன வேகத்தில் இறங்குகிறது என்பது. இதைப் போடாமல் யாரும் முதல் செமஸ்டரைத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

ஏணி 5 மீட்டர், அடி விநாடிக்கு 1 மீட்டர் விலகுகிறது. அடி 3 மீட்டரில் இருக்கும்போது மேல்முனை விநாடிக்கு 0.75 மீட்டர் இறங்கும். எல்லோரும் இந்த விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார்கள். என் அறைத்தோழன் மட்டும் நிறுத்தவில்லை. அடி சுவரிலிருந்து இருக்கும் தூரம் x, மேல்முனையின் உயரம் y என்றால் வேகம் x/y தானே என்று அடியை 4.9 இல் வைத்தான், ஏறக்குறைய 4.9 வந்தது. 4.999 இல் வைத்தான், 50 வந்தது. இப்படியே போனால் தரையைத் தொடுவதற்கு முன் ஒளியின் வேகத்தையும் தாண்டிவிடுமே என்று தாளை என் முன்னால் நீட்டினான். இரவு முழுக்க இருவருக்கும் தூக்கம் இல்லை.

வகையிட்டதில் பிழை எதுவும் இல்லை. மேல்முனை கடைசிவரை சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் பொருந்தவில்லை. நிஜ ஏணி அதற்கு முன்பே சுவரை விட்டு விலகிவிடும், அதன் பிறகு x² + y² = 25 செல்லாது. உராய்வு இல்லாத சுவர், உராய்வு இல்லாத தரை, ஓய்விலிருந்து தானாகச் சறுக்கும் சீரான ஏணி என்று வைத்துக்கொண்டால், தொடங்கிய உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வரும்போது மேல்முனை சுவரை விட்டுவிடும். இது பின்னாளில் இயக்கவியல் படித்தபோதுதான் தெரிந்தது. வெட்டுக்கோடு சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சூத்திரம் எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

பின்வரிசை:
இருவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் செமஸ்டரில் நிபந்தனைகளை அடுக்கினால் பாதி வகுப்பு பயந்து ஒதுங்கிவிடும். முதலில் எண்களைப் போட்டுப் பார்க்க விட வேண்டும், கேள்வி தானாக வரும். எங்கள் டுடோரியலில் நடந்ததைச் சொல்கிறேன்.

x பூச்சியத்தை நெருங்கும்போது sin x / x எதை நெருங்கும் என்று கால்குலேட்டரில் பார்க்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் 0.9999 என்று வருகிறது, ஒருவனுக்கு மட்டும் 0.0174533. அவன் கால்குலேட்டர் டிகிரியில் இருந்தது. சுற்றிலும் சிரிப்பு. டுடோரியல் நடத்தியவர் சிரிக்கவில்லை. "தம்பி, உன் விடையும் சரிதான். அதை 180 ஆல் பெருக்கிப் பார்" என்றார். பெருக்கினான். 3.14159. சிரித்தவர்கள் எல்லோரும் அவன் மேசையைச் சுற்றி நின்றோம்.

சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டும்தான். டிகிரியில் ஒவ்வொரு முறையும் π/180 என்ற பெருக்கல் கூடவே வரும். ரேடியன் எதற்கு என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. அந்த டுடோரியலில் ஒரு எண் சொல்லிவிட்டது. நிபந்தனை, தேற்றம் எல்லாம் அப்புறம் வரட்டும். அதோடு, அந்த எல்லைக்கு அவ்வளவு பாடுபடவும் வேண்டாம். லோபிதால் விதியை (0/0 என்று வரும்போது மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிடுவது) போட்டால் ஒரே வரியில் 1 வந்துவிடும்.

டெல்டா:
கடைசி வரியை மட்டும் ஏற்க முடியாது, பின்வரிசை. லோபிதால் விதிக்கு சைனின் வகைக்கெழு வேண்டும். அதைக் கண்டுபிடிக்க sin x / x இன் எல்லை வேண்டும். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறீர்கள். ஓரலகு வட்டத்தில் கோணப்பகுதியின் பரப்பை இரண்டு முக்கோணங்களின் பரப்புகளுக்கு நடுவே பிடித்துக் காட்டுவதுதான் நேர்வழி. அந்தப் பரப்பு x/2 என்று வருவதும் ரேடியனில்தான், ஆகவே உங்கள் கதையின் காரணமும் அங்கேயே இருக்கிறது.

என் அனுபவம் சின்னது. எப்சிலான்–டெல்டா நிரூபணம், அதாவது விடை ε அளவுக்குள் வர x எவ்வளவு (டெல்டா) நெருங்கினால் போதும் என்று காட்டுவது: x ஆனது 3 ஐ நெருங்கும்போது x² ஆனது 9 ஐ நெருங்கும். பலகையில் முதல் வரியே, "டெல்டாவை 1, ε/7 இரண்டில் சிறியதாக எடுத்துக்கொள்வோம்". அந்த 7 எங்கிருந்து வந்தது? முழு நிரூபணத்தையும் மனப்பாடம் செய்தேன், தேர்வில் எழுதினேன், முழு மதிப்பெண். 7 மட்டும் தெரியாது.

அடுத்த ஆண்டு ஒரு சீனியர் அக்கா தாளைக் கீழிருந்து மேலாக எழுதிக் காட்டினார். x² − 9 ஐ (x − 3)(x + 3) என்று பிரி. x ஆனது 3 க்கு ஒரு அலகு தூரத்துக்குள் இருந்தால் x + 3 ஆனது 7 ஐத் தாண்டாது. அவ்வளவுதான்! யோசிப்பது கடைசி வரியிலிருந்து, எழுதுவது முதல் வரியிலிருந்து. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. லைப்னிட்ஸ் வகையிடல் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டது 1684 இல். கோஷி எல்லையை அடித்தளமாக வைத்துப் பாடம் எழுதியது 1821 இல். இன்றைய எப்சிலான்–டெல்டா வடிவம் வையர்ஸ்ட்ராஸ் வகுப்புகளில்தான் நிலைபெற்றது. பெரிய மேதைகளுக்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனதை, சேர்ந்த இரண்டாம் வாரத்தில் புரியவில்லை என்று ஒரு மாணவி அழுவது நியாயமே இல்லை.

மாறிலி:
எல்லோரும் பெரிய விஷயங்களைப் பேசுகிறீர்கள். முதலாமாண்டு விடைத்தாள்கள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். √(x² + 9) ஐ வகையிடு என்று ஒரு கேள்வி. சங்கிலி விதியை (சார்புக்குள் இருக்கும் சார்பை வகையிடும் விதி) கரைத்துக் குடித்த ஒரு மாணவர், அது x + 3 தானே என்று சுருக்கி, விடை 1 என்று எழுதியிருந்தார். x = 4 போட்டிருந்தால் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 7 என்று உடனே தெரிந்திருக்கும். சரியான வகைக்கெழு அங்கே 4/5.

அதனால் இப்போது படிப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். முதல் செமஸ்டரில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இயற்கணிதத்தில்தான். பின்னங்கள், அடுக்குகள், மடக்கை விதிகள், இவற்றை முதல் மாதத்திலேயே மறுபடி போட்டுப் பாருங்கள். வகுத்தல் விதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், f ஐ g இன் அடுக்கு −1 ஆல் பெருக்கியதாக எழுதிப் பெருக்கல் விதியையும் சங்கிலி விதியையும் போட்டாலே வந்துவிடும். தொகையிட்டு வந்த விடையைத் திரும்ப வகையிட்டுப் பாருங்கள், அதைவிட நல்ல சரிபார்ப்பு கிடையாது. தீர்த்துவைத்த கணக்கைப் படிக்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும், ஆகவே மூடிவைத்துவிட்டு வெற்றுத்தாளில் முதலிலிருந்து போடுங்கள். தேற்றம் ஒன்று வந்தால், நிபந்தனை ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டால் எங்கே உடைகிறது என்று ஒரு உதாரணம் தேடுங்கள். மட்டு மதிப்புச் சார்பு |x| ஒன்றை வைத்தே பாதி உதாரணங்களைச் சமாளிக்கலாம். −1 முதல் 1 வரை எடுத்துக்கொண்டால் இரு முனைகளிலும் ஒரே மதிப்பு, ஆனால் நடுவே வகைக்கெழு பூச்சியமாகும் புள்ளி எதுவும் இல்லை. ரோல் தேற்றத்துக்கு (இரு முனைகளிலும் ஒரே மதிப்பு என்றால் நடுவே எங்கோ வகைக்கெழு பூச்சியமாகும் என்பது) வகையிடத்தக்கதாக இருப்பது ஏன் தேவை என்பது அங்கே கண்ணுக்கே தெரியும்.

பின்வரிசை:
மாறிலி சார், அறிவுரை யாரும் கேட்கவில்லை, ஆனால் வகுத்தல் விதி பற்றிச் சொன்னது நல்ல யோசனை. டெல்டா, லோபிதால் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். நிபந்தனையை முதலில் சொல்வதா எண்ணை முதலில் காட்டுவதா என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

புதுவரவு:
நான் இப்போதுதான் முதல் செமஸ்டர். வெட்டுக்கோடு அண்ணா, 1/x² க்குப் பதில் 1/x என்றால்? நேற்று வகுப்பில் இதே −1 முதல் 1 வரை. இடப்பக்கம் கீழே, வலப்பக்கம் மேலே, இரண்டும் ஒரே அளவு. அடிபட்டுப் போய் 0 என்று எழுதினேன், தோழி கூடாது என்கிறாள். சண்டை இன்னும் முடியவில்லை.

வெட்டுக்கோடு:
உங்கள் தோழி சொல்வதுதான் சரி. பூச்சியத்தைச் சுற்றி இடப்பக்கம் h, வலப்பக்கமும் h என்று வெட்டினால் 0 வரும். ஆனால் ஒரே அளவில் வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? இடப்பக்கம் h, வலப்பக்கம் 2h வெட்டிப் பாருங்கள். இடப்பக்கத்துக்கு ln h (ln என்பது இயற்கை மடக்கை), வலப்பக்கத்துக்கு −ln 2h. கூட்டினால் −ln 2, அதாவது ஏறக்குறைய −0.693. h எவ்வளவு சிறியதானாலும் அதேதான். வலப்பக்கம் 3h வெட்டினால் −ln 3. வெட்டுகிற விதத்தைப் பொறுத்து விடை மாறுகிறது, ஆகவே இந்தத் தொகையீட்டுக்கு மதிப்பு இல்லை என்றுதான் எழுத வேண்டும். இருபுறமும் சமமாக வெட்டிக் கிடைக்கும் அந்த 0 க்குக் கோஷி முதன்மை மதிப்பு என்று தனிப் பெயர் உண்டு. விடைத்தாளில் 0 எழுதுவதானால் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.