போர்டில் 'ஈட் இன்' போடுவதா, 'டைன் இன்' போடுவதா?

மண்டபத்தில், ராமேசுவரம் போகும் ரோட்டோரம் எங்கள் மீன் சாப்பாட்டுக் கடை. பார்சல் உண்டு, பக்கத்து ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்தும் சாப்பிடலாம். வெளிமாநிலத்து ஆட்களுக்கு அது தெரியாமல், பார்சல் கடை என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். அதனால் ஆங்கிலத்தில் ஒரு சின்ன போர்டு. வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார்.

'ஈட் அவுட்சைட்' என்று எழுதச் சொன்னார் மச்சான். அது வெட்டவெளியில் சாப்பிடுவது. இந்த வெயிலில் யார் வருவார்? 'ஈட் அவுட்' என்றால் வீட்டில் சமைக்காமல் ஹோட்டலில் சாப்பிடுவது, அதுவும் போர்டுக்கு ஒட்டாது. 'ஈட் இன்' அகராதியில் பார்த்தால் வீட்டிலேயே சாப்பிடுவது என்று போட்டிருக்கிறது. ஆனால் பிரிட்டனில் கடைக்காரர்களே 'ஈட் இன் ஆர் டேக் அவே' என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 'ஃபார் ஹியர் ஆர் டு கோ'. மொழிபெயர்ப்பு ஆப்பைக் கேட்டேன், இன்னும் குழப்பிவிட்டது. அப்புறம் 'டைன் இன்'. நம் ஊர் ஹோட்டல்களில் பார்த்த வார்த்தைதான், ஆனால் பெஞ்சு போட்ட கொட்டகைக்குக் கொஞ்சம் பந்தாவாகத் தெரிகிறது.

காரில் வரும் வட இந்தியக் குடும்பத்துக்குப் பார்த்ததும் புரிய, இந்த இரண்டில் எதை எழுதலாம்?