மாதவிடாய் நின்ற பின் இரட்டை ஹார்மோன் மாத்திரை: அச்சமின்றி எடுக்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)
வணக்கம். எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டாகிறது. இரவில் உடல் தகித்து, வியர்த்து உறக்கம் கெடுவதால், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்டோஜனும் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் தந்திருக்கிறார். புற்றுநோய் வரும் என்று கோயிலில் சந்திக்கும் பெண்கள் அச்சுறுத்துகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதாதா?

பதில் (ஃபீனிக்ஸ்)
அக்கா, கருப்பை இருப்பவர்களுக்கு அது போதாது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, காலப்போக்கில் அங்கே புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. அதைத் தடுக்கவே இரண்டாவது ஹார்மோன் சேர்க்கப்படுகிறது. நீங்கள் கேட்கும் அச்சுறுத்தல் பெரும்பாலும் 2002இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோய் அபாயம் சிறிதளவு கூடுவதும், எடுக்கும் ஆண்டுகள் நீள நீள அது மிகுவதும் உண்மைதான். ஆயினும் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் நலமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற செவிலியர்)
மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு (இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைவது), பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் ஆகியவற்றில் எதுவும் முன்பு இருந்திருந்தால், நம் குடும்பங்களில் வழக்கமாகச் செய்வதுபோல் மறைக்காமல், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரத்தக்கட்டு அபாயம் உள்ளவர்களுக்கு, மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டை பாதுகாப்பானது. முதல் சில மாதங்களில் சிறிது இரத்தக் கசிவு வரலாம். ஆறு மாதங்களுக்குப் பிறகும் நீடித்தாலோ, நின்றுபோய் மீண்டும் வந்தாலோ பரிசோதனை கட்டாயம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி அல்லது திடீர் மூச்சுத்திணறல் தோன்றினால் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.