புதிய ஓட்டுநருக்கு 340 குதிரைத்திறன் கொண்ட பின்சக்கர இயக்கக் கார் பொருந்துமா?

நான்காம்மாதம் எழுதியது:

வணக்கம். நான் ஓட்டுநர் உரிமம் பெற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. பயிற்சி எடுத்ததும் அதன் பிறகு வீட்டில் ஓட்டி வருவதும் முன்சக்கர இயக்கம் (எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும் அமைப்பு) கொண்ட ஒரு சிறிய காரைத்தான். அதில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இதுவரை ஒரு கீறலும் விழவில்லை. இப்போது என் மாமா, தாம் வைத்திருக்கும் பின்சக்கர இயக்க செடான் காரை எனக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். அது 2010ஆம் ஆண்டு மாடல்; ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின், 340 குதிரைத்திறன், எடை 1,650 கிலோ, மேனுவல் கியர்.

காலை அடக்கி வைத்துக்கொண்டால் எந்தக் காரும் சாதுதான் என்பது மாமாவின் வாதம். புதிதாக ஓட்டுகிறவனுக்குப் பின்சக்கர இயக்கமே ஆகாது, மழையில் கார் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பது அப்பாவின் வாதம். இருவருமே முப்பது ஆண்டுகளாக ஓட்டி வருபவர்கள் என்பதால் யார் சொல்வதை ஏற்பது என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு வேகத்தில் பெரிய நாட்டமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சப்பட வேண்டியது பின்சக்கர இயக்கத்தைக் கண்டா, 340 என்ற எண்ணைக் கண்டா? கார் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்க முயலும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கருவி இதில் இருக்கிறது. அது இருந்தால் போதாதா?

ஈரத்தார் எழுதியது:

வேகத்தில் நாட்டமில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் நினைவுக்கு வந்ததைச் சொல்கிறேன். உரிமம் பெற்ற முதல் ஆண்டில், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லாத ஒரு பழைய பின்சக்கர இயக்கக் காரை நான் ஓட்டினேன். நீண்ட வெயிலுக்குப் பிறகு தூறல் தொடங்கிப் பத்து நிமிடங்கள் ஆகியிருக்கும். சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழவழப்பாகியிருந்த அந்த நேரத்தில், ரவுண்டானாவிலிருந்து வெளியேறும்போது இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தினேன். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. பின்புறம் இடப்பக்கமாக வழுக்கியது. பதறிப்போய்க் காலை முழுவதுமாக எடுத்து ஸ்டீயரிங்கை வலமும் இடமுமாகத் திருப்பினேன். முதல் வழுக்கலில் கார் சுழலவில்லை; அது திரும்பி எதிர்ப்பக்கம் வீசிய வீச்சில்தான் சுழன்றது. எதிரே வண்டி எதுவும் வராததால் நடைபாதை விளிம்பில் ஒரு சக்கரத்தை வளைத்ததோடு போயிற்று. நான் வேகமாகப் போகவில்லை என்பதை இன்றும் உறுதியாகச் சொல்வேன். அது எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

பழைய பயிற்றுநர் எழுதியது:

உங்கள் மாமாவும் அப்பாவும் ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். பல ஆண்டுகள் ஓட்டுநர் பயிற்சி அளித்தவன் என்ற முறையில் மீதியைச் சொல்ல முயல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காருக்கும் சாலைக்கும் இடையே இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். காரை வளைவில் பக்கவாட்டில் தாங்குவது, முன்னோக்கித் தள்ளுவது, நிறுத்துவது ஆகிய எல்லாச் செலவும் அந்த ரப்பரின் பிடிப்பு என்ற ஒரே கையிருப்பிலிருந்துதான் போக வேண்டும். இந்தச் செலவு நேர்க்கணக்காகவும் நடப்பதில்லை. திரும்புவதற்குப் பிடிப்பில் 80 விழுக்காடு செலவானால், முன்னோக்கித் தள்ளுவதற்கு 20 அன்று, ஏறத்தாழ 60 விழுக்காடு மிஞ்சும். இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் செயல்படுவதே காரணம். ஆனால் திரும்புவதற்கு 95 விழுக்காடு செலவானால் மிஞ்சுவது 31தான். 99 ஆகிவிட்டால் 14தான். நெடுநேரம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றி, கடைசி ஓரத்தில் சட்டென்று வற்றிப்போகும் கையிருப்பு அது. அந்த ஓரத்தை எட்டுவதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. வளைவில் தேவைப்படும் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்த அதே வளைவை 50இல் எடுத்தால் டயரிடம் நீங்கள் கேட்பது 56 விழுக்காடு அதிகம். ஈரச் சாலையில் கையிருப்பே குறைவு என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி எந்தச் சக்கரம் இயங்குகிறது என்பதற்கு வருகிறேன். முன்சக்கர இயக்கக் காரில் திருப்புவதும் தள்ளுவதும் முன் டயர்களின் வேலை என்பதால், அளவு மீறினால் முதலில் தோற்பவை அவைதான். கார் திரும்ப மறுத்து வளைவின் வெளிப்பக்கமாக நகர்கிறது. பயந்துபோன மனிதர் இயல்பாகவே காலை எடுப்பார்; எடை முன்பக்கம் சாயும், முன் டயர்களுக்குப் பிடிப்பு திரும்பும், கார் மீண்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். அதாவது பதற்றம் செய்யும் காரியமே பெரும்பாலும் பரிகாரமாகிவிடுகிறது. பின்சக்கர இயக்கத்தில் அளவுக்கு மீறி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தோற்பவை பின் டயர்கள். காரின் பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கிறது. இங்கேயும் மனிதர் அதே பதற்றத்தோடு காலைச் சட்டென்று எடுப்பார், சிலர் பிரேக்கையும் மிதிப்பார்கள். எடை முன்பக்கம் பாய்ந்து, ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் பின் டயர்கள் இன்னும் இலேசாகிவிடும். பார்வையைப் போக வேண்டிய திசையில் வைத்து, பின்புறம் வழுக்கும் பக்கமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பி, காலை மெல்லத் தளர்த்தி, கார் நேராகத் தொடங்கும் கணத்திலேயே ஸ்டீயரிங்கையும் நேராக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அறியாமல் நேரும் ஒன்றை உணர்ந்து செயல்பட மனிதருக்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும் என்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருக்கும். ஈரத்தார் சொன்ன இரண்டாவது வீச்சு, ஸ்டீயரிங்கை நேராக்கத் தாமதித்ததன் விளைவு.

இவ்வளவும் சொன்ன பிறகும், பின்சக்கர இயக்கமே ஆகாது என்று உங்கள் அப்பா சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு காலத்தில் உலகின் பெரும்பாலான ஓட்டுநர்கள் பின்சக்கர இயக்கக் கார்களில்தான் ஓட்டக் கற்றார்கள். ஆனால் 1960களின் தொடக்கத்தில் வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினில் இருந்தது 34 குதிரைத்திறன். காலைத் தவறாக வைத்தாலும் டயரைத் தோற்கடிக்க அதனிடம் சரக்கு இல்லை. உங்கள் மாமா கொடுப்பதில் அதைப்போல் பத்து மடங்கு இருக்கிறது.

டர்போ பற்றி, அதாவது வெளியேறும் புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி பற்றி, தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழலும் நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தொடக்ககால டர்போ எஞ்சின்களில் பல, முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, பிறகு முழு விசையையும் ஒரே மூச்சில் கொட்டின. 1975இல் விற்பனைக்கு வந்த முதல் போர்ஷே 911 டர்போ, 260 குதிரைத்திறனோடு, இந்தக் குணத்தாலும் எஞ்சின் பின்னால் தொங்கிய அமைப்பாலும், தேர்ந்த ஓட்டுநர்களிடமே கெட்ட பெயர் வாங்கியது. 2010ஆம் ஆண்டு எஞ்சின் அதைவிட எவ்வளவோ நாகரிகமானது. ஆயினும் வளைவின் நடுவில் நீங்கள் கேட்டதைவிடச் சற்றுத் தாமதமாகவும் சற்று அதிகமாகவும் விசை வந்து சேரும் வாய்ப்பு அதிலும் உண்டு.

ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் போதாதா என்று கேட்டீர்கள். பாஷ் நிறுவனத்தின் இந்தக் கருவி 1995இல் மெர்சிடிஸ் பென்ஸின் விலையுயர்ந்த கார்களில் அறிமுகமானது. தனிச் சக்கரங்களில் பிரேக் பிடித்தும் எஞ்சின் விசையைக் குறைத்தும் காரை நேர்ப்படுத்தும் இந்தக் கருவி, பயணியர் கார்கள் தனியாகச் சிக்கும் விபத்துகளை 34 விழுக்காடு குறைக்கும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007இல் மதிப்பிட்டது. ஏர்பேக்கைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுத் தரத்தான் அதற்குத் தெரியும். இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? வளைவுக்குள் நுழைந்த வேகமே தவறு என்றால், கார் சுழலாமல் நேராகப் போய் மோதும்.

மூன்றாம்கியர் எழுதியது:

பயிற்றுநர் ஐயா சொன்ன இயற்பியலில் எனக்கு மாறுபாடு இல்லை; ஆனால் படிப்பவர்கள் பின்சக்கர இயக்கத்தைக் கண்டு மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் முதலில் ஓட்டியது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற, பின்சக்கர இயக்கம் கொண்ட சிறிய இருவர் கார். 1989இல் வந்த அதன் முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் எஞ்சினில் ஏறத்தாழ 115 குதிரைத்திறன்தான். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. டயர் தோற்பதற்கு முன்பே இருக்கையின் வழியாக அது முதுகுக்குச் சொல்லிவிடும். எடை எப்படி முன்னும் பின்னும் நகர்கிறது என்பதை அந்தக் கார் எனக்குக் கற்றுத் தந்ததுபோல் எந்த முன்சக்கர இயக்கக் காரும் கற்றுத் தந்திருக்காது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் தற்காலிக உரிமம் வைத்திருக்கும் புதிய ஓட்டுநர்களுக்குச் சில கார்கள் தடை செய்யப்பட்டுள்ளன. அந்த விதி எந்தச் சக்கரம் இயங்குகிறது என்று கேட்பதில்லை. எஞ்சினின் திறன் டன் ஒன்றுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டுகிறதா என்றுதான் முக்கியமாகப் பார்க்கிறது. 340 குதிரைத்திறன் ஏறத்தாழ 250 கிலோவாட், 1.65 டன்னால் வகுத்தால் 150ஐத் தாண்டிவிடுகிறது. என் எம்எக்ஸ்-5 அதே கணக்கில் 90க்கு அருகில் நின்றது. ஆகவே உங்கள் அப்பா தவறான காரணம் சொல்லிச் சரியான முடிவுக்கு வந்திருக்கிறார் என்பது என் கருத்து.

நான்காம்மாதம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இவற்றைப் படித்த பிறகு இன்று மாலை மாமாவின் காரைப் போய்ப் பார்த்தேன். முன் டயர்கள் இரண்டும் புத்தம் புதியவை. தேய்ந்துபோனதால் சென்ற மாதம்தான் மாற்றினாராம். பின் டயர்கள் வேறு நிறுவனத்தினுடையவை. டயர் மேற்பரப்பில் வெட்டிய பள்ளத்தின் ஆழம் அளவுகோலில் 2.5 மில்லிமீட்டர் காட்டியது. பக்கச்சுவரில் 3216 என்று ஓர் எண் இருந்தது. ஸ்டீயரிங் இருக்கும் பக்கம் புதிய டயர் இருப்பது நல்லதுதானே என்று மாமா கேட்கிறார்.

பழைய பயிற்றுநர் எழுதியது:

நீங்கள் போய்ப் பார்த்ததற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். 3216 என்றால் அந்த டயர் 2016ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் இன்னும் 2.5 மில்லிமீட்டர் இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர்தான், ஆனால் நீரை வெளியேற்றும் திறன் அதற்கு வெகு முன்னரே குறைந்துவிடுகிறது. மாமா கேட்டதுபோலத்தான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டு புதிய டயர்கள் மட்டும் வாங்கினால், எந்தச் சக்கரம் இயங்கும் காராக இருந்தாலும், அவற்றைப் பின்பக்கம் போடும்படி டயர் நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. முன்புறம் வழுக்கினால் ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்கிலேயே தெரியும். பின்புறம் வழுக்குவது தெரிய வரும்போது நேரம் கடந்திருக்கும். உங்கள் மாமாவின் கார் இப்போதுள்ள நிலையில், முன்புறம் ஈரச் சாலையைக் கவ்விப் பிடிக்க, பின்புறம் மிதந்து போகும். முப்பது ஆண்டு அனுபவம் அவரை இதுவரை காத்திருக்கிறது. சில கார்களில் முன்னும் பின்னும் டயர் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போடவும் முடியாது. அதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் இரண்டு நல்ல டயர்களை அவரே உடனே வாங்கிப் போடச் சொல்லுங்கள். நீங்கள் அந்தக் காரை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் அதில் போய் வருகிறார் அல்லவா?

சாவியைத் திருப்பும்போது ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைகிறதா என்றும் பாருங்கள். எரியாமலே இருந்தால் பல்பு போயிருக்கலாம், அல்லது பழுதை மறைக்க யாரோ பிடுங்கியிருக்கலாம். அணையாமல் இருந்தால் கருவி வேலை செய்யவில்லை.

காரைப் பொறுத்தவரை, என் மாணவராக நீங்கள் இருந்திருந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஓர் ஆண்டு உங்கள் சிறிய காரிலேயே எல்லாப் பருவத்திலும், இரவிலும் மழையிலும் ஓட்டுங்கள். இடையில், முறையான பயிற்சித் தளம் ஒன்றில், நீர் தெளித்த தரையில், பக்கத்தில் பயிற்றுநரோடு ஒரு நாள் பின்சக்கர இயக்கக் காரைச் சுழல விட்டுப் பாருங்கள். அந்த ஒரு நாள் நான் மேலே எழுதிய அத்தனைக்கும் ஈடு. அதற்குப் பிறகு மாமாவின் காரை எடுத்தால், முதல் சில மாதங்கள் நண்பர்களை ஏற்றிக்கொள்ளாதீர்கள். இளம் ஓட்டுநரின் வலக்காலை மிகச் சீக்கிரம் கெடுப்பது பின் இருக்கையிலிருந்து வரும் குரல் என்பதை நான் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

நான்காம்மாதம் எழுதியது:

மாமா முதலில் சிரித்தார். பிறகு வெளியே போய்ப் பின் டயரைத் தடவிப் பார்த்தார். நாளை டயர் கடைக்குப் போகிறோம். காரை ஓர் ஆண்டு அவரே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். விளக்கைப் பார்த்தேன், எரிந்து அணைகிறது.