நோசல் போயிருச்சா, டீசல் கெட்டுப்போச்சா? சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

குலை லோரி:
லிந்தாங் ரோட்டுப் பக்கம் செம்பனைக் குலை ஏத்தி ஆலைக்குக் கொண்டு போறது நம்ம வேலை. செகண்ட் ஹேண்ட்ல ஒரு காமன் ரெயில் லோரி எடுத்தேன். காலையில சாவியைத் திருப்பினா ரொம்ப நேரம் சுத்தி, வெள்ளைப் புகை கக்கிட்டுதான் எழுந்திரிக்குது. ஐட்லிங்ல கேபினே உதறுது. சூடானதும் பரவாயில்ல. ஒரு பட்டறையில காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காம, "நாலு இன்ஜெக்டரும் மாத்தணும்"னுட்டாங்க. அந்தக் காசுக்கு ஒரு பழைய டிராக்டரே வாங்கிடலாம். முன்ன இருந்த லோரியில டீசலைத் தூவற நோசல் (இன்ஜெக்டர் முனை) போனா போமன் (மெக்கானிக்) கழட்டித் துடைச்சு மாட்டி அனுப்பிடுவாரு. இதுல மட்டும் ஏன் இப்படி? அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.

பழைய போமன்:
தம்பி, முதல்ல ஒண்ணு கேட்டுக்குங்க. பழைய லோரியில செஞ்ச வைத்தியத்தை இதுல செஞ்சிடாதீங்க.

நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புல போமனா இருந்து ரிட்டையர் ஆனவன். பால்மரத்தைச் சாய்ச்சுச் செம்பனை நட்டதையும் பாத்தாச்சு. எங்க கையில ஓடினதெல்லாம் மெஸ்ஸி பெர்குசன் 135 டிராக்டர். பெர்கின்ஸ் மூணு சிலிண்டர் இன்ஜின், சிஏவி டிபிஏ டீசல் பம்ப். எந்த நோசல் போச்சுன்னு கண்டுபிடிக்க ஸ்கேனரா வெச்சிருந்தோம்? இன்ஜினை ஐட்லிங்ல விட்டு, நோசலுக்குப் போற குழாய் நட்டை ஒவ்வொண்ணா அரைச்சுத்து தளர்த்துவோம். நல்ல சிலிண்டரா இருந்தா உடனே இன்ஜின் நொண்டும். தளர்த்தியும் சத்தம் மாறலையா, அவன்தான் ஆளு. அதைக் கழட்டி டெஸ்டர்ல மாட்டிக் கைப்பிடியை அழுத்தினா, நல்ல நோசல் "கிர்ர்"ருன்னு உறுமிக்கிட்டே பொடியாத் தூவும். கெட்டது சொட்டும், இல்லாட்டி ஒரு பக்கமாக் கோடு போட்டு அடிக்கும். முனையில கரி புடிச்சிருந்தா பித்தளை பிரஷ். ஸ்பிரிங் தளர்ந்திருந்தா உள்ள ஒரு ஷிம் (மெல்லிசுத் தகடு). திறக்கிற அழுத்தம் 200 பாருக்கு முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்.

காட்டுக்குள்ள எண்ணெய் தீர்ந்து நின்னுட்டா குழாய்ல காத்து புகுந்துக்கும். காத்தை வெளியேத்தற பிளீட் ஸ்குரூவை லேசாத் தளர்த்தி வெச்சுட்டு, லிஃப்ட் பம்ப் லீவரைக் கட்டைவிரலால அடிச்சிக்கிட்டே இருக்கணும். முதல்ல நுரை வரும், அப்புறம் முத்து முத்தாக் காத்துக்குமிழி, கடைசியில தெளிஞ்ச டீசல். அப்போ ஸ்குரூவை மூடணும். இந்த வேலை தெரியாதவனுக்கு எங்க ஒர்க்‌ஷாப்புல ஸ்பேனரே கொடுக்க மாட்டோம்.

காமன் ரெயில் வந்தப்போ நான் கிளம்பற நேரம். அதைப் பத்தி விவரமாச் சொல்ல இப்போ அந்த வேலையில இருக்கிறவங்க வரணும்.

பம்ப் ரூம்:
ஐயா, வணக்கம். ஈப்போவில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன அந்த நட்டு வைத்தியத்தைத்தான் இன்னும் பலர் புது இன்ஜினில் செய்து பார்க்கிறார்கள். தயவு செய்து வேண்டாம்.

பழைய பம்ப்பில் அந்தந்த சிலிண்டரின் முறை வரும்போதுதான் அழுத்தம் எழும். போஷ் 1927-இல் டீசல் பம்ப்பைப் பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து ஏறக்குறைய எழுபது வருஷம் பெரும்பாலான டீசல் இன்ஜின்கள் அந்த வழியில்தான் ஓடின. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் இறங்கிவிடும். மேடேறும் லோரி கறுப்பாகப் புகைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காமன் ரெயிலில் அழுத்தம் உண்டாக்குவது ஒரு வேலை, தூவுவது வேறு வேலை. பம்ப் ஓயாமல் ஒரு தடித்த குழாயை நிரப்பி வைக்கும். அதுதான் ரெயில். இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) முடிவு செய்யும். 1995-இல் டென்சோ இதை ஹினோ லோரியில் கொண்டு வந்தது. 1997-இல் போஷின் காமன் ரெயில் அல்ஃபா ரோமியோ 156 காரில் வந்தது. அப்போது 1350 பார். இப்போது 2000 சாதாரணம், 2500 வரைக்கும் போயாச்சு. அந்த அழுத்தத்தில் நட்டைத் தளர்த்தினால் வெளியே வரும் டீசல் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போய்விடும். பார்த்தால் ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. ஆனால் நேரத்துக்கு ஆப்பரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டையை நீட்டிப் பாருங்கள். ஐயா சொன்ன கை டெஸ்டர்கூட அப்படித்தான், 200 பாரும் தோலுக்குள் போகும்.

இவ்வளவு அழுத்தம் எதற்கு என்று கேட்பீர்கள். ஓட்டைகளைச் சின்னதாக்கி டீசலை இன்னும் பொடியாகத் தூவலாம். பொடியாகத் தூவினால் முழுசாக எரியும், புகை குறையும். இன்னொன்று, அழுத்தம் எப்போதும் தயாராக இருப்பதால் ஒரே சுற்றில் பல தடவை தூவ முடியும். பழைய டிராக்டர் "டக டக"வென்று அடிப்பது ஏன் தெரியுமா? உள்ளே போன டீசல் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் சேர்ந்துவிட்டது எல்லாம் ஒரேயடியாக எரியும். காமன் ரெயிலில் முதலில் ஒரு துளி மட்டும், ஓரிரு கன மில்லிமீட்டர், முன்கூட்டியே போகும். அது எரிந்து அறை சூடானதும் மீதி போகும். அந்த அடி காணாமல் போனது இதனால்தான்.

குலை லோரி அண்ணே, நாலையும் மாற்றும் முன்னால் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இன்ஜெக்டருக்கு வரும் டீசலில் ஒரு பங்கு ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திரும்பிவிடும். அந்த லைனைக் கழற்றி ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு பாட்டில் மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். எல்லாப் பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தால் அந்தப் பக்கம் குறையில்லை. ஒன்று மட்டும் மளமளவென்று நிறைந்தால் அது உள்ளே தேய்ந்துவிட்டது. அதோடு ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்றும் பாருங்கள். நாலும் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

பழைய போமன்:
காதை வெச்சுக் கேட்டதை இப்போ பாட்டில்ல அளந்து பாக்கறீங்க. நல்லாத்தான் இருக்கு தங்கச்சி.

கப்சாய்:
லோரி பேச்சுக்கு நடுவுல நம்ம மோட்டார் கதை. முன்ன கார்புரேட்டர் வெச்ச ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள்ல சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலை ஏறுவேன். கீழ நல்லா ஓடும். மேல போகப் போக மூச்சு வாங்கும், பிளக் கறுத்துடும். மேல இருக்கிற தானா ராத்தா கிட்டத்தட்ட 1400 மீட்டர் உயரம். அங்க காத்து மெலிசு. கார்புரேட்டர் ஜெட்டு ஓட்டைக்கு அது தெரியாது, கீழ ஊத்தின கணக்குலயே பெட்ரோலை ஊத்தும். இப்போ இருக்கிறது எஃப்ஐ மோட்டார், கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர். காத்தழுத்தத்தை சென்சார் பாத்து பெட்ரோலைக் குறைச்சுக்குது. மேலயும் கீழயும் ஒரே ஓட்டம். சோக் இழுக்கிற வேலையும் போச்சு.

ஒரு தடவை மீட்டர்ல என்ஜின் லைட் மின்னிச்சு. பயந்து தள்ளிக்கிட்டுப் போனேன். பட்டறைத் தம்பி எந்தக் கருவியும் எடுக்கல, சும்மா லைட்டையே பாத்தான். நீளமா ஒரு மின்னல், குட்டையா ரெண்டு. "நீளம் பத்து, குட்டை ஒண்ணு. பன்னெண்டு. இன்ஜெக்டர் லைன்"னான். சீட்டைக் கழட்டி வயரைப் பிடிச்சுக்கிட்டே போனா, எலி கடிச்சிருக்கு! எண்ணெய்க் காட்டு (செம்பனைத் தோட்டத்து) எலிக்கு வயர் மேல அப்படி என்ன ஆசையோ.

ஒரே குறை, பேட்டரி சுத்தமாச் செத்துட்டா எவ்வளவு உதைச்சாலும் எழுந்திரிக்காது. டேங்குக்குள்ள இருக்கிற பம்ப்புக்குக் கரண்டு வேணுமே.

டீச்சர் வீட்டுக்காரர்:
பெட்ரோல் டர்போ காடி (கார்) வெச்சிருக்கோம், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். எங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது வருமா?

பம்ப் ரூம்:
உங்கள் காடியில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. மிட்சுபிஷி 1996-இல் காலண்ட் காரில் கொண்டு வந்து பரப்பிய வழி. சிக்கனம் உண்டு, இழுவையும் உண்டு. ஆனால் முன்பு பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். இப்போது கழுவ ஆளில்லை, கரி சேரும். இழுவை குறைந்து ஐட்லிங் தடுமாறினால் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்த இடத்துக்குப் போகவே போகாது.

பழைய போமன்:
எண்ணெய்க் காடுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஆலை பக்கத்துலயே இருக்கு, எண்ணெய் ஆறா ஓடுது, அதையே டிராக்டர்ல ஊத்தினா என்னன்னு ஒரு தோட்டத்துல பச்சைச் செம்பனை எண்ணெயை டீசலோட கலந்து ஊத்திட்டாங்க. கொஞ்ச நாள் ஓடிச்சு. அப்புறம் இழுவை இல்ல, புகை, காலையில ஸ்டார்ட்டும் இல்ல. நோசலைக் கழட்டினா முனையில கரி பூத்து ஓட்டையே தெரியல. 1900-ல பாரிஸ் கண்காட்சியில கடலை எண்ணெய்லயே டீசல் இன்ஜின் ஓடிச்சே, இது ஏன் ஓடாதுன்னு கேப்பாங்க. ஓடும்தான், ஆனா நிலைக்காது. செம்பனை எண்ணெய் டீசலை விடப் பத்து மடங்கு கெட்டி. பொடியாத் தூவாம துளித்துளியாப் போய் முனையிலயே வேகும். அதனாலதான் 1980கள்ல பொரிம்னு சொல்ற செம்பனை எண்ணெய் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க எண்ணெயை மெத்தில் எஸ்டரா மாத்தி, அதை பஸ்ஸுல ஊத்தி ஓட்டிப் பாத்தாங்க. இன்னைக்கு பெட்ரோல் ஸ்டேஷன்ல வர்ற பயோடீசல் அந்த வழிதான்.

2011-ல ஆரம்பிச்சு பி5 (நூத்துக்கு அஞ்சு பங்கு எஸ்டர் கலந்த டீசல்) படிப்படியா வந்தப்போ பழைய டிராக்டருங்க பட்ட பாடு! எஸ்டருக்கு அழுக்கைக் கரைக்கிற குணம் உண்டு. டேங்குல வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டிருந்த சேறெல்லாம் பேந்து ஃபில்டர்ல வந்து அடைச்சுது. பழைய ரப்பர் ஹோஸுங்க ஊறி உப்பிக் கசிய ஆரம்பிச்சுது. நிலத்துல ரப்பரைத் துரத்தின செம்பனை, இன்ஜினுக்குள்ள வந்தும் துரத்துதேன்னு ஒர்க்‌ஷாப்புல ஒரே சிரிப்பு.

பம்ப் ரூம்:
சிரிப்பாக இருந்தாலும் உண்மை, ஐயா. ஆனால் பயோடீசலை மட்டும் திட்ட வேண்டாம். 2021 ஏப்ரலில் மலேசியா முழுக்க யூரோ 5 டீசல் வந்தது. கந்தகம் 500 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் குறைந்துவிடும். ஹை பிரஷர் பம்ப்புக்குள் டீசலேதான் மசகு எண்ணெய், வேறு எதுவும் கிடையாது. அந்த வழவழப்பைத் திருப்பிக் கொடுப்பதில் எஸ்டருக்குப் பங்கு உண்டு.

பயோடீசலின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மழையும் புழுக்கமும் சொல்லவே வேண்டாம். பாதி டேங்கோடு ராத்திரி நிறுத்தினால் உள்சுவரில் வேர்த்து அடியில் தண்ணீர் சேரும். தண்ணீர் நின்றால் அதில் கிருமி வளர்ந்து சளி பிடிக்கும்.

எங்களிடம் வருவதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான், இன்ஜெக்டரின் குறை இல்லை. உள்ளே உரசும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரானுக்குப் பக்கம். மெஸ்ஸி பெர்குசனின் நோசல் விழுங்கிவிட்டுப் போன துருத்தூள் இங்கே ரம்பமாக அறுக்கும். இன்ஜின் முன்னேறிய வேகத்துக்கு நாம் டீசல் வைக்கும் டிரம் முன்னேறவில்லை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15-இலிருந்து 3.35 வெள்ளி ஆனது. அதற்குப் பிறகு மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கெங்கோ வாங்கி ஊற்றி, எங்களிடம் வந்து அதைப்போலப் பல மடங்கு கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன்.

குலை லோரி அண்ணே, உங்கள் டீசல் எங்கிருந்து வருகிறது?

குலை லோரி:
வீட்டுக்குப் பின்னால ஸ்கிட் டேங்க் (டீசல் சேத்து வைக்கிற தொட்டி) இருக்கும்மா. டேங்கர் வந்து ஊத்திட்டுப் போகும். அது ஊத்திக்கிட்டிருக்கும்போதே நாங்களும் லோரிக்குப் பிடிப்போம்.

பழைய போமன்:
போச்சுடா. ஊத்தும்போது அடிச்சேறெல்லாம் கலங்கி மேல வரும் தம்பி. அன்னைக்கு அதுல இருந்து பிடிக்கவே கூடாது, படியட்டும். டேங்க் ஒரு பக்கம் லேசாச் சாஞ்சு நிக்கணும், சாஞ்ச பக்கம் வடிகால் காக். லோரிக்கு எடுக்கிற குழாய் அடியில இருந்து நாலஞ்சு அங்குலமாவது மேல இருக்கணும். காலையில கலங்கறதுக்கு முன்ன காக்கைத் திறந்து ஒரு கண்ணாடி போத்தல்ல பிடிச்சுப் பாருங்க. தண்ணி கீழ தனியா நிக்கும்.

குலை லோரி:
எல்லாம் பாத்தாச்சு. ரிட்டர்ன் டெஸ்ட்ல மூணாவது பாட்டில் நிறைஞ்சு வழியுது, மத்த மூணும் பாதிகூட வரல. அந்த ஒண்ணை மட்டும்தான் மாத்தினோம். வேற பட்டறை, அந்தப் பழைய இடம் இல்ல. புது இன்ஜெக்டர் தலையில எழுத்தும் நம்பருமா ஒரு குறியீடு இருந்துச்சு, அதை லேப்டாப்புல ஈசியூக்குள்ள ஏத்தினாங்க. ஏத்தறதுக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணப்போ உதறல் கொஞ்சம் இருந்துச்சு, ஏத்தினதும் நின்னுடுச்சு. அது என்ன மாயம்மா?

ஸ்கிட் டேங்க் காக்கைத் திறந்தா முதல்ல வந்தது டீசலே இல்ல, காப்பி நிறத்துல தண்ணி. கூடவே வழவழன்னு ஏதோ சளி.

பம்ப் ரூம்:
மாயமில்லை அண்ணே. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ரெண்டு இன்ஜெக்டர் அச்சு அசலாக ஒரே அளவு தூவாது. ஃபேக்டரியிலேயே ஒவ்வொன்றையும் ஓட்டி அளந்து, எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்பதை அந்தக் குறியீடாக எழுதி அனுப்புகிறார்கள். ஈசியூ அதைப் படித்துத் திறக்கும் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்.

அந்தச் சளி வந்த டேங்கை முழுசாக வடித்துக் கழுவாமல் திரும்ப ஊற்றாதீர்கள். லோரியின் வாட்டர் செப்பரேட்டரையும் இனி அடிக்கடி வடியுங்கள், மீட்டரில் லைட் எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்னொரு வேலை. கழற்றின பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டி, தாளை விரித்து வெயிலில் பாருங்கள். பம்ப்பிலேயே உலோகத்தூள் உதிர ஆரம்பித்திருந்தால் அது திரும்பும் டீசலோடு டேங்குக்கு வந்து ஃபில்டரில் மாட்டும், தாளில் மினுக்கும். மினுக்கினால் உடனே லோரியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றையும் பார்க்க வேண்டி வரும்.

குலை லோரி:
வெட்டிப் பாத்துட்டேன்மா. மினுக்கல் இல்ல, கறுப்புச் சேறு மட்டும்தான். போட்டோ அனுப்பியிருக்கேன், நீங்களும் ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க.

பம்ப் ரூம்:
பார்த்தேன். சேறுதான், பம்ப் தப்பிச்சது. புது ஃபில்டர் ரெண்டு வாங்கி வையுங்கள், டேங்க் கழுவின புதிதில் முதலாவது சீக்கிரம் அடைக்கும்.